இடந்தலை

ஐப்பசி, முதல் மழை

அப்பாவின் முழங்காலுக்காக வாரத்தில் மூன்று நாள் அண்ணா நகரிலிருந்து ராயப்பேட்டைக்குப் போய் வருகிறோம். போக முக்கால் மணி, திரும்ப ஒரு மணி. வீட்டில் ஆளுக்கொரு அறை. காரில்தான் இருவரும் ஒரே இடத்தில் உட்காருகிறோம். பேசத் தொடங்கினால் இருவரும் ஒன்றாகத் தொடங்குகிறோம். "நீ சொல்லு", "இல்லப்பா, நீங்க சொல்லுங்க" என்று ஒன்றாகவே நிறுத்தியும் விடுகிறோம். அப்புறம் நான் ரேடியோவைப் போடுவேன்.

கார் ஏழு வருடப் பழசு. முன்பு இன்னொருவர் ஓட்டியது. ரேடியோ காரோடு பிறந்தது. பாடகரின் குரல் வருகிறது. அதற்குக் கீழே ஒன்றும் வருவதில்லை. மேலே மட்டும் ஒரு 'உஸ்' எப்போதும் இருக்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ வடகம் பொரிப்பதுபோல. இன்று ஏதோ ஒரு கச்சேரி. அப்பா சிறுவயதில் இரண்டு வருடம் மிருதங்கம் கற்றவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மிருதங்கம் வாசிக்கிறாங்களா, மேசையில தட்டுறாங்களா?" என்றார்.

காதைக் கொடுத்துக் கேட்டேன். வலந்தலை மட்டும் கேட்டது. அடிநாதம் தரும் இடந்தலை இல்லை.

*

ஒரு வாரம் கழித்து

எதையும் தொடாமல் ஒரு வாரம் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். ரேடியோவில் சில நாள், போனிலிருந்து சில நாள். போனில் பாட்டுப் போட்டால் 'உஸ்' இல்லை. ஆனால் இடந்தலை அப்போதும் இல்லை. ஆக, நோய் இரண்டு. இரைச்சல் ஏரியல் பக்கத்து நோய். அடிநாதம் வராதது கதவுப் பக்கத்து நோய். இது தெரியாமல் முதல் நாளே புது ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் இரைச்சல்தான் இன்னும் துல்லியமாகக் கேட்டிருக்கும்.

*

அண்ணா சாலை, சிவப்பு விளக்கு

நின்ற இடத்தில் 101.4 கரகரவென்று உடைந்தது. முன்னால் இருந்த பைக் நகர, நானும் ஓர் எட்டு நகர்ந்தேன். சுத்தமாகப் பாடியது. பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. பண்பலை வரிசையில் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். கோபுரத்திலிருந்து நேரே வரும் அலையும், எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஏரியலில் சந்திக்கின்றன. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே கழித்தல் கணக்கு, மிச்சம் சைபர். முக்கால் மீட்டர் தள்ளிப் போனால் அதுவே கூட்டல். ஓடுகிற கார் இந்த மேடு பள்ளங்களை வரிசையாகக் கடப்பதால்தான் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ரேடியோ படபடக்கிறது.

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியதே இந்த ஊரில்தான், 1977 ஜூலை 23-ல். அன்று இந்தச் சாலையில் இத்தனை கண்ணாடிச் சுவர்கள் இல்லை.

சிக்னல் வரவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்துகொண்டுதான் இருந்தது, இரண்டு பங்காக.

*

மறுநாள் காலை

காரின் கூரையில் இருக்கும் குச்சியைத் தொட்டேன். ஆடியது. போன மாதம் வாட்டர் வாஷுக்கு விட்டபோது கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது அரைத் திருகலோடு விட்டிருக்கிறார்கள். மரையில் பச்சை பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, கை கொள்ளும் மட்டும் இறுக்கினேன். வடகச் சத்தம் பாதியாகக் குறைந்தது. செலவு ஒன்றுமில்லை.

பண்பலைக்கு நியாயமாக வேண்டியது அலையின் கால் பங்கு நீளக் குச்சி, 75 சென்டிமீட்டர். பழைய கார்களின் முன்பக்கத்தில் இழுத்துவிடும் ஏரியல் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தது. இப்போது ஒரு சாண் குச்சி. சிலவற்றில் சுறாத் துடுப்பு. அந்தக் குறையை ஈடுகட்ட அடியில் ஒரு சிறு பெருக்கி வைக்கிறார்கள். அதற்கு மின்சாரம் போக வேண்டும். என் தங்கை காரில் புது ஸ்டீரியோ மாட்டிய நாளிலிருந்து ஒரு நிலையமும் வரவில்லை. நிலையங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிப் பார்த்தால் ஏரியல் பெருக்கிக்கான நீல ஒயர் எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

*

கார்த்திகை, மாலை ஆறு

மிச்சமிருந்த பாதி இரைச்சல் போன் சார்ஜர். தற்செயலாகத்தான் தெரிந்தது. அப்பா தன் போனை எடுப்பதற்காகச் சார்ஜரை ஒயரோடு பிடுங்கினார். ரேடியோ ஒரு மூச்சு விட்டதுபோல் தெளிந்தது. 12 வோல்ட்டை 5 ஆக்குவதற்கு அந்தச் சின்னப் பொருள் மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகிறது. மலிவான சார்ஜரில் அந்த வெட்டு வெளியே கசிந்து பண்பலை வரிசை வரைக்கும் ஏறுகிறது. டாஷ் கேமராவும் இதே வேலையைச் செய்யும்; எல்.இ.டி. விளக்கும் செய்யும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் சோதனை.

புதிய வியாதி இல்லை. 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் காருக்கென்று ரேடியோ செய்து, மோட்டோரோலா என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்துக் கார் ரேடியோக்காரர்களின் பெரும்பாடு பாட்டை வரவைப்பதில் இல்லை. ஸ்பார்க் பிளக்கின் இரைச்சலை அடக்குவதில்தான்.

இன்னொரு சத்தம்: ஆக்ஸ் ஒயரில் போனைச் செருகி, அதே போனைச் சார்ஜரிலும் போட்டால் ஒரு கொசு ரீங்காரம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொசுவின் சுருதியும் ஏறுகிறது. ஆல்டர்னேட்டரின் பாட்டு அது. எர்த் இரண்டு வழியாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் துளி வித்தியாசம் சத்தமாக வருகிறது. ஒரு வழியை எடுத்துவிட்டால் போய்விடும். புளூடூத்தில் போட்டேன், போய்விட்டது.

*

கார்த்திகை, ஞாயிறு

ரேடியோவின் அமைப்புகளைத் திறந்தேன். முன்பு ஓட்டியவர் பேஸ் கடைசி வரை ஏற்றி, டிரெபிளும் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தார். இல்லாததை முறுக்கி வரவைக்கப் பார்த்திருக்கிறார். நானும் இதைத்தான் செய்திருப்பேன். எல்லாவற்றையும் சைபருக்குக் கொண்டுவந்தேன். சத்தம் மெலிந்தது, ஆனால் குரலின் ஓரத்தில் இருந்த கிழிசல் போய்விட்டது.

கையுறைப் பெட்டியில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. மொபைல் கடையில் "சார், ரெண்டாயிரம் பாட்டு ஏத்தித் தர்றேன்" என்று கொடுப்பார்களே, அந்த வகை. இரண்டாயிரம் பாட்டை அவ்வளவு சின்ன இடத்தில் அடைக்க ஒவ்வொன்றையும் பிழிந்திருக்கிறார்கள். ஜால்ராவின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் சலசலக்கிறது. இதை எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

சிக்னல் மெலியும்போது ஒழுங்காகச் செய்த ரேடியோ என்ன செய்கிறது என்று கவனித்தேன். முதலில் இடம் வலம் என்ற வேறுபாட்டை விட்டுக்கொடுக்கிறது. இன்னும் மெலிந்தால் உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்குகிறது. ஸ்டீரியோவில்தான் இரைச்சல் அதிகம், மோனோ தாங்கும். பெயரில்லாத இந்தப் பழைய பெட்டியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அதை மட்டம் என்று நினைத்திருந்தேன்.

*

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை

அப்பாவைச் சிகிச்சையில் விட்டுவிட்டு நடந்தே போனேன். சாலை நெடுக சீட் கவர், ஹாரன், சன் ஃபிலிம். கடையில் இருந்த பையன் காரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, "கம்பெனி செட்டு இவ்ளோதான் சார் வரும். ஆம்ப் போட்டு ஒரு பூஃபர் வச்சிருங்க. கார் அப்படியே அதிரும்" என்றான்.

"அதிரத்தான் தம்பி கூடாது" என்றேன். சிரித்தான்.

ஒரு பெட்டியைக் காட்டினான். 50 வாட் வீதம், நான்கு ஸ்பீக்கருக்கு. பின்னால் இருந்த ஃப்யூஸைத் திருப்பிப் பார்த்தேன்: 10 ஆம்பியர். ஓடும் காரின் மின்சாரம் 14.4 வோல்ட். பெருக்கினால் பெட்டிக்குள்ளே போவதே 144 வாட். வெளியே 200 எப்படி வரும்? நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு இந்த வோல்ட்டில் ஒரு சேனலுக்கு 20 வாட்டை ஒட்டித்தான் சுத்தமாகக் கிடைக்கும். காருக்குள் அது தாராளம். பழைய பெட்டியும் அவ்வளவைத் தருகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை.

ஸ்பீக்கர் அட்டையிலும் பெரிய எழுத்தில் வாட்தான். அது ஸ்பீக்கர் தாங்கும் சுமை; தரும் சத்தம் அல்ல. பார்க்க வேண்டிய எண் பொடி எழுத்தில் இருக்கிறது: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல். ஒன்றில் 88, இன்னொன்றில் 91. மூன்று டெசிபல் கூடினால் மின்சாரத்தை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 91 போட்டதை எடுத்தேன். கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க டேம்பிங் ஷீட்டும் கேட்டேன். "நாலு கதவுக்கும் சார்?" முன் கதவு இரண்டுக்கு மட்டும்.

*

கார்த்திகை, கடைசி சனி

மழை விட்டிருந்தது. தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கே வந்தார். கதவுப் பேடை நெம்பினால் ஒவ்வொரு கிளிப்பாகப் பட் பட்டென்று விடுகிறது. உள்ளே பழைய ஸ்பீக்கர். பின்னால் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய காந்தம். காகிதக் கோன், மழையில் நனைந்து காய்ந்த செய்தித்தாள் மாதிரி நெளிந்திருந்தது. "இதுல இருந்தா சார் இத்தன வருஷமா கேட்டீங்க?" என்றார். அவர் குரலில் இருந்தது இரக்கம்.

கதவை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கை நுழையும் ஓட்டைகள் நான்கைந்து. வெளித் தகட்டை விரலால் சுண்டினால் 'டங்' என்று நெடுநேரம் பாடுகிறது. ஸ்பீக்கரின் கோன் முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். பின்னால் பிறந்தது அந்த ஓட்டைகள் வழியாகச் சுற்றி முன்னால் வந்து சேர்ந்தால் மறுபடி அண்ணா சாலைக் கணக்கு. மேல் ஸ்தாயி தப்பித்துவிடுகிறது. நீண்ட அலையான அடிநாதம்தான் கழிந்துபோகிறது. இடந்தலை ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கதவைத் தாண்டவில்லை.

தகட்டைத் துடைத்துக் காயவிட்டு ஷீட்டை ஒட்டினோம். தார் போன்ற கருப்புப் பசை, மேலே அலுமினியத் தாள். சின்ன உருளையால் அழுத்தி அழுத்தி, காற்று நிற்காமல். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை. அகலமான இடங்களின் நடுவில் ஒட்டினால் போதும். அப்பா நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரவை வைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

எலெக்ட்ரீஷியனுக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். மிருதங்கத்தின் இடந்தலைக்கு, தொப்பிக்கு, வாசிக்கும் முன் ரவையை நீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்புவார்கள். தோல் கனம் கூடி, சுருதி இறங்கி, கும்மென்று பேசும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலந்தலையில் நிரந்தரமாகக் கரணை. இடந்தலைக்கு அன்றன்றைக்கு ரவை. ரவை கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். அவருடைய குரு ரவை பிசையத் தன்னிடம்தான் கொடுப்பார் என்றார். இதை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

ஒட்டிய பிறகு தகட்டைச் சுண்டினேன். 'டங்' இல்லை. 'தொப்'.

ஓட்டைகளையும் மூடினோம், அடியில் இருக்கும் சிறு துளைகளைத் தவிர. ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற அவைதான் வழி. அவற்றை அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும். உள்ளே ஈரம் வருவதால் ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தையும் அட்டைப் பலகையில் வேண்டாம் என்று பிளாஸ்டிக்கில் போட்டோம். ஸ்பீக்கருக்கும் கதவுப் பேடின் ஜாலிக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்சு வளையம், ஒலி பேடுக்குள் ஒழுகாமல் நேரே வெளியே வர.

*

மார்கழி, இரண்டாம் நாள்

எல்லாம் முடிந்தது. இடந்தலை இன்னும் முழுதாக இல்லை. இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் முகத்துக்கு நேரே நிற்காமல் காருக்குள் எங்கோ அலைந்தது. பாலன்ஸை முழுக்க வலப்பக்கம் தள்ளினேன், நன்றாக இருந்தது. முழுக்க இடப்பக்கம் தள்ளினேன்; அதுவும் நன்றாக இருந்தது. நடுவில் வைத்தால் மட்டும் மெலிகிறது. தனித்தனியாக நல்லவர்கள்.

எலெக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டேன். அவர் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஒயரில் பிளஸுக்குப் பிளஸ் வைத்துத் தொட்டார். வலக் கதவில் கோன் வெளியே வந்தது. இடக் கதவில் உள்ளே போனது. "தப்பு என்னுது இல்ல சார், கப்ளர்லயே மாறியிருக்கு" என்றார். முன்பே யாரோ திறந்து ஒயரை மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். அது எத்தனை வருடமோ. ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுத்திருக்கிறார். காற்றுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லை.

இரண்டு ஒயரை இடம் மாற்ற ஒரு நிமிடம். செய்தி வாசிப்பவர் வந்து டாஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்தார்.

*

மார்கழி, பத்து நாள் போல

ஓட்டுகிற நான் வலக் கதவுக்கு அருகில் இருக்கிறேன். இடக் கதவு தூரம். ஒலி 34 சென்டிமீட்டர் போக ஒரு மில்லி விநாடி. முந்தி வரும் பக்கத்திலிருந்தே பாட்டு வருவதாகக் காது முடிவுசெய்துவிடுகிறது. விலையுயர்ந்த பெட்டிகளில் அருகில் இருக்கும் ஸ்பீக்கரை இத்தனை மில்லி விநாடி தாமதிக்கச் சொல்லலாம். என்னுடையதில் பாலன்ஸ் மட்டும்தான். எனக்குச் சரியாக இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்த்தினேன். அப்பா தன் பக்கக் கதவை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருடைய இருக்கைக்கு நடுவென்பது மற்றவருக்கு ஓரம். பழையபடி சைபரில் வைத்தேன். பின் சீட்டில் யாரும் இல்லாததால் பின் ஸ்பீக்கர்களை மட்டும் அடக்கினேன்.

இப்போது ஒலியளவு 11-ல் நிற்கிறது. ஐப்பசியில் 22 வைத்தும் போதவில்லை.

*

மார்கழி, வெள்ளி இரவு

சிகிச்சை முடிந்து திரும்பும்போது கச்சேரி. நெல்சன் மாணிக்கம் சாலை வரை நெரிசல். தனி ஆவர்த்தனம் அங்கே தொடங்கியது. வலந்தலையின் சொற்கட்டுகளுக்கு அடியில் தொப்பியின் கும்காரம் இருக்கையின் முதுகுவரை வந்தது. அப்பா கண்ணை மூடவில்லை, தொடையில் தாளம் போடவில்லை. முன்னால் போகும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது பாட்டு முடிந்தது. இருவரும் ஒன்றாக வாயெடுத்தோம். நான் நிறுத்திக்கொண்டேன்.

"மிருதங்கம் யாரு?" என்றார்.

அறிவிப்பாளர் இனிமேல்தான் சொல்வார். கேட்டைத் தாண்டிப் பேஸ்மெண்டுக்குள் இறங்கினால் ரேடியோ செத்துவிடும். கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில் நிலையம் கரகரத்தது. எதிர் அடுக்குமாடியின் சுவர். ஹேண்ட்பிரேக்கை எடுத்து முக்கால் மீட்டர் உருட்டினேன். தெளிந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். கையைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

பாடியவர் பெயர் வந்தது. வயலின் வந்தது. மிருதங்கம் வந்தது.

அப்பா அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "ரவை சரியா வச்சிருக்கான்" என்றார். பிறகு, "சரி, உள்ள போ."